வான்குடையும் நிழற்படமும்

பெங்களூரில் ஜே. சி. நகர்ப் பகுதியில் நம் இராணுவத்தின் பாராசூட் படைக்குரிய பயிற்சி மையம் இருக்கிறது. முன்பு ஆக்ராவில் இருந்த அம்மையம் 1992ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து சேர்ந்தது. விமானத்திலிருந்து குதிக்கக் கற்பிக்கும் பள்ளி மட்டும் ஆக்ராவிலேயே நின்றுவிட்டது. ஆகவே பெங்களூரில் படைவீரராகி, ஆக்ராவில் வானிலிருந்து குதித்துச் சிறகுச் சின்னம் பெறுவது அவ்வீரர்தம் வழக்கம். இம்மையத்தின் பக்கமாகச் செல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு நிழற்படம் நினைவுக்கு வருவதுண்டு. அப்படத்தின் வரலாற்றைச் சொல்லுமுன், வானில் நின்று படமெடுக்கும் கலை எவ்வாறு தொடங்கிற்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

அக்கலையை 1858ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தவர் பாரிஸ் நகரத்து நாடார். பெயர் நம்மவர் பெயரைப்போல் ஒலிப்பினும் அவர் பிரெஞ்சுக்காரரே. அது அவர் பூண்ட புனைபெயர். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவிவிடவேண்டும். ஆகவே பலூனின் கூடையிலேயே இருட்டறையையும் அமைத்துக்கொண்டு அவர் மேலே சென்றார். பலமுறை முயன்றும் தகடுகள் கறுத்தே போயின. பலூனிலிருந்து கசிந்த வாயுவே மருந்தைக் கெடுக்கிறது என்று பிறகுதான் விளங்கிற்று. வாயுத் திறப்பை மூடிவைத்த பின்னரே படம் விழுந்தது. அம்முதற்படம் இன்று இல்லை. 1860இல் பாஸ்டன் நகரை பலூனிலிருந்து பிளாக் என்பவர் எடுத்த படமே இன்று எஞ்சியிருப்பவற்றுள் பழமையானது.

பலூனில் இருப்பவர் நின்று நிதானித்துப் படமெடுக்கலாம். வான்குடையுடன் குதிப்பவர் நிலை வேறு. நம் நாட்டில் 1941ஆம் ஆண்டில் தில்லியில் 50ஆவது பாராசூட் பிரிகேட் அமைந்தது. அதைச் சேர்ந்த 152ஆம் பட்டாளத்தின் மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ், ஹவில்தார் மேஜர் மதுரா சிங் ஆகிய இருவரே வான்குடையுடன் குதித்த முதல் இந்தியப் படையினர் எனப் போற்றப்படுகின்றனர். ஏ என்னும் எழுத்து ஆர்க்காட்டைக் குறிப்பது எனின் தமிழ் நேயர்கள் மகிழ்வார்கள். இதே ரங்கராஜ் பின்னர் கொரியப் போரில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச் 23ஆம் நாள் முன்சான்-நி என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினருடன் தாமும் வானிலிருந்து இறங்கினார். மகாவீர் சக்கரம் பெற்றவர் அவர்.

போர்வீரர் குதிக்கும் உயரம் மிகக் குறைவு. விமானத்தில் மாட்டிய கயிறே குடையை இழுத்து விரித்துவிடுகிறது. ஒரு நிமிடத்தையொட்டிய நேரத்தில் கால் தரையில் பட்டுவிடும். கையோ கருவியோ படமெடுக்க ஓய்ந்திருப்பதில்லை. எனவே அக்காலத்துப் படங்களெல்லாம் தரையில் நின்றோ, விமானத்தின் வாயிலில் நின்றோ பிறர் எடுத்தவை. வானம் நிறைந்த வெண்குடைகளை அவற்றில் காணலாம். இன்ன ஊர், இன்ன நாள் என்று மட்டும் காணமுடியாது.

இனி நாம் சொல்லவந்த படத்துக்கு வருவோம். 1971 டிசம்பர் 11ஆம் நாள் மாலை, அந்நாளைய கிழக்குப் பாகிஸ்தானில் டாங்கைல் என்னும் ஊருக்கருகே நம் இரண்டாவது பாராசூட் பட்டாளம் இறங்கிற்று. தலைவர் லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு. இறங்கியோர் ஏறத்தாழ எழுநூற்றுவர். வடக்கேயிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய எதிரிப்படையைப் பூங்லி பாலத்தருகே மறிப்பதே அவர்கள் பணி. அன்றிரவு அங்கே கடும் போர் நிகழ்ந்தது.

இச்செய்தியை உலகறியச் செய்யவேண்டும். போர்முனைப் படங்களோ உடனே கைக்கு எட்டவில்லை. இராணுவத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாயிருந்த ஐ. ராமமோகன் ராவ், முன்னர் ஆக்ராவில் பிரிகேட் முழுவதும் பங்குகொண்ட ஒத்திகையின் படமொன்றை எடுத்துப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். கோப்பிலிருந்து எடுத்த பழைய படம் என்னும் குறிப்பு அதன் தலைப்புரையில் இல்லை. அயல்நாட்டுப் பத்திரிகைகளில் அது வெளிவந்தது. ஐயாயிரம் பேர் இறங்கினர் என்று அயல்நாட்டு வானொலிச் செய்தியும் கூறிற்று. எழுநூறு ஐயாயிரமாயிற்று! இவ்வரலாற்றைப் பிற்காலத்தில் ராவ் அவர்களே தம் நினைவுகளில் எழுதியுள்ளார்.

பிறர் எழுதிய சொற்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இத்தலைப்புரை ஒரு புதிராகவே தோன்றுகிறது. அதிலுள்ள சொற்களில் பொய்யென்று சுட்டிக்காட்டத்தக்கது எதுவுமில்லை. மறைந்து நின்றது ஒரு நாள் மட்டுமே. அது போர்க்காலம், அச்செயலால் பகைவர் மனம் தளர்ந்தது, உயிர்ச்சேதம் குறைந்தது என்பார் உளர். டாக்காவிலிருந்த தளபதி நியாஜி டிசம்பர் 16ஆம் நாள் சரணடைந்ததற்கு இப்படமும் ஒரு காரணம் என்று எழுதியோரும் உளர். அவ்வளவு பெருமையையும் ஒரு படத்துக்கு ஈந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. பாலத்தருகே இருளில் போரிட்ட வீரரை அப்படத்தில் காணோம். அதில் காண்போர் ஆக்ராவின் வெயிலில் ஒத்திகை பார்த்தவரே.

குதிப்பவர் தாமே படமெடுக்கும் முறை வேறொரு வழியில் வளர்ந்தது. 1960 ஆகஸ்ட் 16ஆம் நாள் அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜோசப் கிட்டிங்கர் 1,02,800 அடி உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். கீழே வெண்மேகம் பரந்திருக்க, அவர் முதுகு காட்டி வீழும் படத்தை நேயர்களிற் பலர் கண்டிருக்கலாம். அதைப் பிடித்தது பலூனின் கூடையில் பொருத்தியிருந்த தானியங்கிக் காமிரா. அவ்வுயரத்தில் வேறொருவர் இருக்கவில்லை.

அதே காலத்தில் தலைக்கவசத்தின்மேல் காமிராவைப் பொருத்திக்கொண்டு குதிக்கும் வழக்கமும் வேரூன்றிற்று. காரல் போனிஷ் என்பவர் இதில் பெரும்புகழ் பெற்றார். 1969இல் வெளிவந்த ‘ஜிப்சி மாத்ஸ்’ என்னும் திரைப்படத்தின் வான்காட்சிகள் அவர் எடுத்தவை. இம்முறையில் இரு கைகளும் உடலைச் செலுத்துவதற்கே வேண்டும். ஆகவே நிழற்படக் காமிராவைப் பல்லால் கடித்தோ நாவால் அழுத்தியோ இயக்குவர். கண்ணுக்குமுன் ஒரு சிறு வளையம் தொங்கும்; எடுக்கவேண்டிய ஆள் அவ்வளையத்துள் அகப்பட்டால் படத்துள்ளும் அகப்படுவான். நெஞ்சு கீழாக வீழ்பவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பதின்மூவாயிரம் அடியிலிருந்து குதித்தால் குடை விரிக்குமுன் ஒரு நிமிடமே கிடைக்கும். சுருளில் முப்பத்தாறு படங்கள். தீர்ந்தால் மாற்ற வழியில்லை. தவிர, குடை விரியும் கணத்தில் தலைமேல் இருக்கும் கருவியின் பாரம் முழுவதும் கழுத்தை வந்து தாக்கும்.

இதினும் பெரிய இடர் மனத்தில் உள்ளது. படம்பிடிப்பவர் பிறரையே நோக்கியிருப்பதால் தம்மை மறந்துவிடுகிறார். 1988 ஏப்ரலில் அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒருவர் மாணவரையும் ஆசிரியரையும் படம்பிடிக்க அவர்களுடன் குதித்தார். எண்ணூறு முறைக்குமேல் குதித்த பழக்கமுடையவர். அவர்களுடைய குடைகள் விரிந்தன. அவர் முதுகில் குடையே இல்லை. படக்கருவியின் மூட்டையை முதுகில் சுமந்திருந்தமையால் அப்பாரத்தையே குடை என்று எண்ணிவிட்டார் என்பது பின்னர் கருதப்பட்டது. அவர் இறந்தார், படச்சுருள் கிடைத்தது.

நம் விமானப்படையில் ‘ஆகாஷ் கங்கா’ என்னும் வான்குதிப்புக் குழு 1987இல் அமைந்தது. பொதுமக்களுள் ரயில்வே ஊழியரான ரேச்சல் தாமஸ், 2005இல் பத்மஸ்ரீ பெற்றவர், இத்துறையில் பெண்களுக்கு முன்னோடியாய் விளங்கினார். அரைச்சேர் எடையுமில்லாத சிறு காமிராக்கள் வந்துவிட்டமையால் முதன்முறை குதிப்பவரும் இன்று தம் படத்துடனேயே வீடு திரும்புகிறார். நெருங்கி எடுத்த அப்படங்களில் பயிற்றுநரின் மணிக்கட்டிலுள்ள உயரமானியின் முள்ளும் தெரிகிறது; எத்தனை அடியில் எடுத்தது என்று எவரும் தலைப்புரை எழுதவேண்டியதில்லை.