பழைய பேப்பரில் சுருட்டிய நெருப்பு

பழைய பேப்பர் என்றால் நமக்கு என்ன? மாதம் ஒருமுறை கட்டி எடைக்குப் போடுவோம். அலமாரித் தட்டில் விரிப்போம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலி நாட்டுப் பெண்கள் இதே பழைய பேப்பரைக் கூடி உட்கார்ந்து சுருட்டி, மெழுகில் முக்கி எடுத்து, பனிமலையில் நின்ற சிப்பாய்களுக்கு அடுப்பெரிக்க அனுப்பினார்கள். ஒரு வகையில் அதுவும் குழுவாகச் சேர்ந்து செய்த வேலைதான். அதனால்தான் நம் கூட்டமைப்பு மலரில் இத்தாலிக் கதை.

1915 மே மாதம் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. எதிரி ஆஸ்திரியா. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலை. நம் தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே 3,000 மீட்டருக்கு மேலேயும் பனியைக் குடைந்து பதுங்குகுழி வெட்டி, அதற்குள் ஆண்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். ஊட்டியில் டிசம்பர் மாதக் காலையில் கை விறைத்துப் போகும் என்று சொல்கிறோமே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சமையல் கீழே நடக்கும். சிப்பாய் சாப்பாட்டுக்கு இத்தாலி மொழியில் ‘ரான்சோ’ என்று பெயர். கோவேறு கழுதை மேலும் மனிதர் முதுகிலும் அது ஏறிப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். சோறோ மாவுப் பண்டமோ ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். குளிர் அதிகமான இடங்களில் உறைந்தே போகும். சூடு பண்ணலாம் என்றால் விறகு ஏது? அந்த உயரத்தில் மரமே முளைக்காது. கீழேயிருந்து சுமந்துபோன விறகைப் பற்ற வைத்தாலும் ஆபத்து. புகை எழுந்தால் எதிர்ப்பக்கம் பீரங்கி வைத்திருப்பவனுக்கு இடம் தெரிந்துவிடும். ஒரு வாய் சூடான சாப்பாட்டுக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டிய நிலை.

இதற்கு வழியாக வந்ததுதான் ‘ஸ்கால்தரான்சோ’. ‘ஸ்கால்தாரே’ என்றால் சூடாக்குவது. ஆகவே ‘சோறு சூடாக்கி’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மிஷின் ஒன்றும் கிடையாது. செய்தித்தாளின் சில தாள்களை ஒன்றாக வைத்து இறுக்கிச் சுருட்டுவார்கள். ஓரத்தில் பசை தடவி ஒட்டுவார்கள். நீளமான அந்தச் சுருளை, நாம் வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிகிற மாதிரி, சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். உருகிய மெழுகில் அந்தத் துண்டுகளைப் போட்டு, உள்ளே வரை மெழுகு ஊறியதும் எடுத்து ஆற வைப்பார்கள். அவ்வளவுதான். இந்தத் துண்டுகள் சிலதைப் பையில் போட்டுக்கொண்டால், சிப்பாய் தன் தகரக் கிண்ணத்துக்கு அடியில் கொளுத்திச் சூப்பையோ காப்பியையோ சூடாக்கிக்கொள்ளலாம். விறகு மாதிரிப் புகை எழும்பாது.

இதில் இறுக்கம்தான் முக்கியம். பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சும்மா கசக்கிய பேப்பர் குப்பென்று எரிந்து ஒரு நிமிஷத்தில் சாம்பலாகும். மெழுகில்லாமல் இறுக்கிச் சுருட்டியது சரியாகப் பிடிக்காமல் புகைந்துகொண்டே கிடக்கும். மெழுகு ஊறிவிட்டால் கதை வேறு. நம் அகல் விளக்கு மாதிரிதான்: பேப்பர் திரி, மெழுகு எண்ணெய். சூடு பெரும்பாலும் மெழுகிலிருந்துதான் வருகிறது. பேப்பர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குக் கொடுக்கிறது.

ஊர் ஊராகக் கமிட்டிகள் வைத்துப் பழைய பேப்பரைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சுருட்டினார்கள், வீடுகளில் பெண்கள் சுருட்டினார்கள். லட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். போரில் வெற்றி வெற்றி என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பக்கமெல்லாம் கடைசியில் சூப்பு சூடாக்கத்தான் போனது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்னால் அமெரிக்காவும் போரில் சேர்ந்தபோது, அங்கே பெண் சாரணர் படைச் சிறுமிகளும் இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘பதுங்குகுழி மெழுகுவத்தி’.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் செய்தார்கள், எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று தேடிப் போனால் பெயர்களே கைக்குச் சிக்குவதில்லை. அன்பளிப்பு உழைப்புக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? கூலி கிடைத்த வேலைகளும் பெரிய லாபமாக இல்லை. சிப்பாய்களுக்குச் சீருடை தைத்த பெண்கள் வீட்டிலிருந்தே துண்டுக்கு இவ்வளவு என்று தைத்தார்கள், நடுவில் இருந்த காண்டிராக்டர்கள் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1917 ஆகஸ்டில் தூரின் நகரத்தில் ரொட்டியே கிடைக்காமல் போய்ப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அது பெரிய கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். சிப்பாய்க்குச் சோறு சூடாக்கப் பேப்பர் சுருட்டிய நாட்டில்தான் இதுவும் நடந்தது.

கார்னியா என்ற மலைப்பகுதிப் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே மேலே போக வண்டிப் பாதை இல்லை. அதனால் உணவையும் குண்டுகளையும் சுமந்துகொண்டு போக ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். முதுகில் மாட்டும் கூடையில் 30, 40 கிலோ. பனியில் மணிக்கணக்கில் ஏற்றம். ஒரு நடைக்கு ஒன்றரை லிரா கூலி. சின்னப் பெண்களும் போனார்கள், பாட்டிகளும் போனார்கள். நாலு பிள்ளைக்குத் தாயான மரியா புளோஸ்னர் மென்டில் 1916 பிப்ரவரியில் எதிரியின் குண்டு பட்டு இறந்தார். அரசாங்கம் அவர் பெயருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1997-ல். எண்பத்தொரு வருஷம் கழித்து!

இன்னொரு விஷயம் நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்து இத்தாலியச் சட்டப்படி, கல்யாணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் கடன் வாங்க முடியாது. நிலம் வீடு விற்க முடியாது. இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நிற்கவும் முடியாது. நாம் குழுவில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொள்வதைச் சட்டமே அவர்களுக்குத் தடுத்திருந்தது. போர் முடிந்த மறுவருஷம், 1919 ஜூலையில்தான் அந்தச் சட்டம் போனது. போர்க்காலத்தில் பெண்கள் இழுத்த பாரம் அதற்கு ஒரு காரணம். ஓட்டுரிமைக்கு இன்னும் காத்திருந்தார்கள். நாடு முழுவதுக்குமான தேர்தலில் அவர்கள் முதலில் ஓட்டுப் போட்டது 1946 ஜூன் 2-ஆம் தேதி. நம்ம பக்கம் 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மான நோட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அந்த நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது டெல்டா ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, பாதைகளில் மரம் விழுந்து கிடந்தது, கிடைத்த விறகெல்லாம் ஈரம். 2022-ல் இலங்கையில் காலி சிலிண்டரை வைத்துக்கொண்டு மக்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்தோம். இந்தப் பேப்பர் துண்டை வைத்து ஒரு குடும்பத்துக்கு உலை வைக்க முடியாது. பிள்ளைக்குப் பால் சுட வைக்கலாம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி சூடாக்கலாம். ஈர விறகைப் பிடிக்க வைப்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தட்டுப் போட்டு மூடி அணைக்க வேண்டும். பளபளப்பான கலர் தாள் வேண்டாம், சாதா செய்தித்தாள் போதும். தீர்ந்துபோன மெழுகுவத்தியின் அடித்துண்டுகளைச் சேர்த்து வைத்தால் செலவும் குறையும். எரிக்கும்போது ஜன்னல் கதவு திறந்திருக்கட்டும். அடைத்த அறையில் எந்த நெருப்பும் மூச்சை அடைக்கும். துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஐப்பசி பிறக்கும் முன் பரண் மேல் வைத்துவிடுங்கள். தீப்பெட்டியையும் அதே டப்பாவிலேயே போடுங்கள், மழை நாளில் நமுத்துப் போவது அதுதான் முதலில்.