மனித அவதாரத்தின் மரியா – கிளோத் மர்த்தான் கடிதங்கள்

கனடாவின் கியூபெக்கில் மறைப்பணி செய்த பிரெஞ்சு உர்சுலைன் கன்னியாஸ்திரி, மனித அவதாரத்தின் மரியா எனப்படும் மரி கியார் (1599–1672), பிரான்சில் பெனடிக்டைன் துறவியாயிருந்த தன் ஒரே மகன் கிளோத் மர்த்தானுடன் (1619–1696) நடத்திய கடிதப் போக்குவரத்து. தூர் நகரில் பிறந்த மரி, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே விதவையானார். 1631-இல் 11 வயது மகனை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு மடத்தில் சேர்ந்தார். சிறுவன் பள்ளித் தோழர்களைக் கூட்டிக்கொண்டு மடத்து வாசலுக்கு வந்து, அம்மாவைத் திருப்பிக் கொடுங்கள் என்று கூச்சலிட்டான். பிற்காலக் கடிதங்களில் இந்தப் பிரிவின் நியாயத்தை மரி திரும்பத் திரும்ப விளக்குவதைப் பார்த்தால், அந்தக் குரல் அவரை விட்டு அகலவே இல்லை எனலாம்.

1639-இல் மரி கியூபெக் சென்றார். 1641-இல் கிளோத் துறவு மடத்தில் சேர்ந்தார். கோடையில் பிரான்சிலிருந்து வரும் கப்பல்கள் நதி உறையுமுன் திரும்பிவிடும் என்பதால், ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஓராண்டு ஆகும். செபம், மனச்சோதனை, இறைவனோடு ஒன்றிப்பு ஆகியவற்றைப் பற்றி மகன் கேட்பார், தாய் விளக்குவார். மகன் வற்புறுத்தியதால் எழுதத் தொடங்கிய ஆன்மீகத் தன்வரலாறு 1650-இல் கியூபெக் மடத்தில் நேர்ந்த தீவிபத்தில் எரிந்துபோக, மரி மறுபடி எழுதி 1654-இல், யாருக்கும் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பினார். தாய் இறந்தபின் கிளோத் அதை 1677-இலும் கடிதங்களை 1681-இலும் அச்சிட்டார், நடையை ஆங்காங்கே திருத்தி. மரி 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.