கூலியாள் கப்பித்தானான வரலாறு

சரித்திரம் என்ற பெயரால் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் மன்னர்கள் பிறந்ததும், மணந்ததும், மாண்டதுமே ஆகும். காட்டை அழித்தவன் யார், மண்ணை வெட்டியவன் யார், அந்த மண்ணிலேயே காய்ச்சல் கண்டு மடிந்தவர் எத்தனை பேர் என்னும் கேள்விகளுக்கு அப்பாடங்களில் இடமில்லை. நாம் நாள்தோறும் நடமாடும் கோலாலம்பூர்ப் பட்டணத்தின் வரலாற்றுக்கும் இக்குறை உண்டு. அது ஆங்கில அதிகாரிகள் வந்து கட்டிய ஊர் என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அவர்கள் வருமுன்னரே இங்கோர் ஊர் இருந்தது. அது போரில் எரிந்து சாம்பலாகி, மீண்டும் எழுந்தது. எழுப்பியவர், பதினேழாம் வயதில் வெறுங்கையோடு கப்பலேறி வந்த ஒரு சீனக் கூலியாள். யாப் ஆ லோய் என்பது அவர் பெயர்.

ஆட்சியின் கை எட்டாத புதுநிலங்களில் இத்தகையோர் தோன்றுவது உலக வழக்கு. அமெரிக்காவில் மார்மன் என்னும் மதப் பிரிவைச் சேர்ந்த சுமார் 500 பேர், 1846-ல் பட்டாளமாகத் திரண்டு, மெக்சிக்கோ யுத்தத்தின் பொருட்டுக் கலிபோர்னியாவுக்கு நடந்தே சென்றனர். அப்பட்டாளத்தின் காப்டன்களில் ஒருவராகிய ஜெபர்சன் ஹண்ட், பின்னர் கலிபோர்னியாச் சட்டசபையில் அமர்ந்து, சான் பெர்னார்டினோ ஜில்லா தோன்றக் காரணமாயிருந்தார். துப்பாக்கி பிடித்த கையே பிறகு சட்டமும் எழுதிற்று. ஏறக்குறைய அக்காலத்திலேயே கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியிலும் இது போன்றதொரு காரியம் நடந்தது. அதை நடத்தியவர் எப்படி உயர்ந்தார் என்று வியந்து நிற்பது மட்டும் போதாது. அவரைப் போலவே கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் உயரவில்லை என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

யாப் ஆ லோய் 1837-ம் ஆண்டு தென்சீனத்தின் குவாங்டுங் மாகாணத்தில், ஹக்கா மொழி பேசும் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். 1854-ல் மலாக்காவில் வந்திறங்கினார். சில மாதங்கள் ஈயச்சுரங்கத்தில் உழைத்தார். பிறகு ஓர் உறவினரின் கடையில் வேலை செய்தார். ஊருக்குத் திரும்பட்டும் என்று உறவினர் பணம் கொடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார். கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் இளைஞர் சூதாடி, அப்பணம் முழுவதையும் தோற்றார். தாய்நாடு திரும்பும் வழி அடைபட்டது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

அதன் பின் லுக்குட்டில் சுரங்கத்தொழிலாளர்க்குச் சோறு சமைத்தார். கையில் சிறிது காசு சேர்ந்ததும் பன்றி வாங்கி விற்று, ஈய வியாபாரமும் செய்தார். சுங்கை ஊஜோங் சென்றபோது அங்கிருந்த சீனர் தலைவரான கப்பித்தான் ஷின் என்பவரின் படைத்தலைவர்களுள் ஒருவரானார். 1860-ல் அங்கே மூண்ட சண்டையில் ஷின் கொல்லப்பட்டார். யாப் ஆ லோய் காயமடைந்தார். ஷின்னின் கழுத்திலிருந்து வெண்ணிறக் குருதி பாய்ந்ததென்று கதை கட்டி, அவரைத் தெய்வமாக்கினார்கள். கோலாலம்பூரில் 1864-ல் யாப் ஆ லோய் எழுப்பிய சின் ஸே ஸி யா கோயில் அவருக்கு உரியதே. செத்த மனிதனின் குருதி வெண்மையா செம்மையா என்று ஆராயும் பழக்கம் நம்மிடம் மட்டும் இருப்பதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

இனிக் கோலாலம்பூருக்கு வருவோம். 1857-ல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்கா வியாபாரிகளிடம் கடன் வாங்கி, 87 சீனத் தொழிலாளரைப் படகேற்றி ஆற்றின் மேற்புறம் அனுப்பினார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி, அவர்கள் காட்டு வழியே அம்பாங் சென்றார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் இறந்தார்கள். எஞ்சியவர் 18 பேர். உடனே வேறு 150 பேர் அனுப்பப்பட்டார்கள். மாண்டவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. கோலாலம்பூரின் அடித்தளத்தில் முதலில் இடப்பட்டது அந்த 69 பேரின் எலும்பு என்றே நாம் சொல்லுவோம்.

அவ்வூரின் இரண்டாம் கப்பித்தான் லியூ ஙிம் கோங் என்பவர், 1862-ல் பழைய நண்பராகிய யாப் ஆ லோயைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1868-ல் அவர் காலமானதும் பதவி யாப் ஆ லோயை வந்தடைந்தது. இறந்தவரின் உறவினர் எதிர்த்தார்கள். இரத்த உரிமை எங்களுடையது என்றார்கள். ஆனால் ஊர் வேண்டியது வாரிசையன்று, ஆளத் தெரிந்தவரை. பிறப்பினால் உரிமை பேசுவோர்க்குச் சீனர் கொடுத்த இந்த விடையை, சாதியினால் உரிமை பேசும் நம்மவர் சிந்திக்கவேண்டும்.

கப்பித்தான் என்பது வெறும் பட்டமன்று. வழக்குத் தீர்ப்பது, வரி வசூலிப்பது, சிறை வைப்பது, நோயாளிக்கும் திக்கற்றவர்க்கும் இடமளிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. சட்டப்புத்தகம் கிடையாது, அவர் சொல்லே சட்டம். தண்டனைகள் கடுமையானவை. ஆறே காவலரை வைத்துக்கொண்டு அவர் ஊரை அடக்கி வைத்திருந்தார் என்பர்.

அக்காலத்தில் சிலாங்கூரின் மலாய் இளவரசர்களிடையே போர் மூண்டது. 1867 முதல் ஏறத்தாழ ஏழாண்டு நடந்த அப்போரில் ராஜா மஹ்டி ஒரு பக்கம். சுல்தானின் மருமகன் துங்கு கூடின் மறு பக்கம். சீனரும் இரு பிரிவாய்ப் பிரிந்தார்கள். எதனால் பிரிந்தார்கள்? மொழியாலா? இல்லை, இரு பிரிவாரும் ஹக்கா மொழியினரே. இனத்தாலா? அதுவும் இல்லை. ஒருவர் பூர்வீகம் ஒரு ஜில்லா, மற்றவர் பூர்வீகம் வேறு ஜில்லா! கடல் கடந்து வந்து, ஒரே சேற்றில் நின்று, ஒரே காய்ச்சலில் சாகும் ஏழைகள், தாங்கள் விட்டு வந்த ஊரின் எல்லைக்கோட்டுக்காக ஒருவர் தலையை ஒருவர் வெட்டினார்கள். பகைவன் தலைக்கு விலையும் பேசப்பட்டது. தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழிருந்துகொண்டு, கப்பலேறும்போது கூடவே மூட்டை கட்டிக் கொணர்ந்த சாதியைப் பேசிய நம்மவரின் கதையும் இதனின்று வேறுபட்டதோ? தலைவர்கள் இலாபம் கண்டார்கள். தலை கொடுத்தவன் தொழிலாளி.

1872-ல் கோலாலம்பூர் சையது மஷ்ஹோரின் படையிடம் வீழ்ந்தது. யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பியோடினார். 1873 மார்ச்சு மாதத்தில் பகாங் படையின் உதவியோடு ஊரை மீட்டார். ஆனால் மீட்டது ஊரையா? வீடுகள் சாம்பல், சுரங்கங்களில் வெள்ளம், தொழிலாளர் சிதறிப்போயினர். வேறொருவராயிருந்தால் எஞ்சியதைச் சுருட்டிக்கொண்டு சீனம் சென்றிருப்பார். இவரோ மேலும் கடன் வாங்கினார், அரிசி கொணர்ந்தார், ஆட்களைத் திரட்டி வீடுகளைக் கட்டினார். ஈய விலை தாழ்ந்துகிடந்த ஆண்டுகளில் கடன் கழுத்தளவு ஏறிற்று. 1879-ல் விலை உயர்ந்த பிறகே மூச்சு வந்தது. 1875 முதல் கிள்ளானில் இருந்த ஆங்கில ரெசிடென்டு, 1880-ல் தமது தலைமையிடத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றிக்கொண்டார். அவர் குடியேறியது இந்தக் கூலியாள் கட்டிவைத்த ஊரிலே. இந்த விடாமுயற்சியை நாம் தலைவணங்கிப் பாராட்டுகிறோம்.

பாராட்டியதோடு கணக்கையும் பார்ப்போம். கப்பித்தானின் வருமானம் ஈயத்தால் மட்டும் வந்ததன்று. அபின் விற்கும் உரிமை, சாராய உரிமை, சூதாட்ட விடுதி, விலைமாதர் விடுதி ஆகியவற்றாலும் வந்தது. சுரங்கத்தொழிலாளிக்கு முதலாளியே அரிசியும் அபினும் கடனாகக் கொடுப்பார். விலையும் அவரே வைப்பார். கணக்கு முடிக்கும் நாளில் தொழிலாளிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கடன். எஞ்சிய காசைச் சூதாட்ட மேசை வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் ஊர்திரும்பும் பணத்தைச் சூதில் தோற்று நின்ற இளைஞரை வாசகர்கள் நினைவு கூர்க! அந்தத் துயரம் இன்னதென்று தம் நெஞ்சினாலேயே அறிந்தவர், பின்னாளில் அதே மேசையின் சொந்தக்காரரானார். ஓராயிரம் பேர் ஏன் உயரவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அவர்களிடம் உழைப்புக் குறையவில்லை. உழைத்த கூலி, கொடுத்த கைக்கே திரும்பிப்போகும்படி வழி வகுக்கப்பட்டிருந்தது.

இப்பழியை ஒருவர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நாகரிகம் பேசிய ஆங்கில ஆட்சியும் அபின் பணத்தில் வாழ்ந்ததே. தொடுவாய்க் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினால் வந்த ஆண்டுகள் உண்டு. அவ்வியாபாரத்துக்கு முடிவு வந்தது 1940-களில்தான்.

1881 ஜனவரியில் கோலாலம்பூர் மறுபடி எரிந்தது. அபின் கடையொன்றில் கவிழ்ந்த விளக்கே அதற்குக் காரணமென்று சொல்லப்படுகிறது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வந்தது. பிறகு ரெசிடென்டு சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரையை ஒழித்துச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி உத்தரவிட்டார். செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ்; அங்கே யாப் ஆ லோயும் சூளை வைத்தார். தாம் கட்டிய மரப்பட்டணம் கற்பட்டணமாவதை முழுதும் காணாமலே 1885 ஏப்ரல் 15-ம் நாள், 48-ம் வயதில் அவர் காலமானார். மறு ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடிற்று. அதன் பின் சூளை நிலத்தையடுத்து ரயில்வேக் குடியிருப்புகள் தோன்ற, பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வாழும் இடமாயிற்று.

இங்கிருந்து நம் கதை தொடங்குகிறது. தண்டவாளம் இட்டவரும், பின்பு ரப்பர்க் காட்டை வளர்த்தவரும் நம்மவர். அவர்களுக்கும் சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை திறந்தே இருந்தது. சீனனுக்கு அபின், தமிழனுக்குக் கள், முறை ஒன்றே. 1946, 1947 ஆண்டுகளில் கெடாவில் தோட்டத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைமுன் மறியல் செய்தபோது, அவர்கள் எதிர்த்தது ஒரு பானத்தை மட்டுமன்று. கூலியைத் திருடும் இந்த முறையையே. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணம் புகுந்தார்கள். மலிவுச் சம்சும் நாலு நம்பர்ச் சூதும் கூடவே வந்துவிட்டன.

ஆகவே யாப் ஆ லோயிடமிருந்து நாம் கொள்ளவேண்டியதும் உண்டு, தள்ளவேண்டியதும் உண்டு. பிறப்பைப் பாராமல் முயற்சியை நம்பியதும், சாம்பலான ஊரை விட்டு ஓடாமல் நின்றதும் கொள்ளத்தக்கவை. தன்னைப் போன்ற ஏழையின் பலவீனத்தைத் தன் செல்வமாக்கியது தள்ளத்தக்கது. நம் பிள்ளைகளில் எவரேனும் நாளை பதவி பெற்றால், எத்தனை மாடி கட்டினார் என்று கேளாதீர்கள். தாம் வந்த வழியிலே பின்னால் வருகிறவனுக்கு என்ன வைத்துப் போனார், பள்ளிக்கூடமா, கள்ளுக்கடையா என்று கேளுங்கள்.