ஒட்டுவாயும் உப்புக்காற்றும்: குமரிக் கரையில் மிதிவண்டிக் கிராங்குகளின் ஆயுள்

பெடலை அச்சோடு இணைக்கும் கையான கிராங்க் கார்பனில் நீடிக்குமா, அலாயில் (அலுமினியக் கலவையில்) நீடிக்குமா என்ற வாதம் பெரும்பாலும் அயர்வுச் சோதனைகளை நம்பியே நடந்துவந்திருக்கிறது. திரும்பத் திரும்பச் சுமை ஏறினால் அலுமினியம் என்றாவது விரிசல் விட்டே தீரும், கார்பன் இழை அப்படிச் சோர்வதில்லை, ஆகவே கார்பனே உழைக்கும் என்பது அந்த ஆய்வு மரபின் முடிவு. ஆய்வுக்கூடத்துக்குள் அது சரியாக இருக்கலாம். கொளச்சலிலிருந்து முட்டம், மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரும் கரையோரத்தில் அதை அப்படியே ஏற்க முடியாது. இங்கே கிராங்கின் ஆயுளை முடிவுசெய்வது இரு பாகங்கள் ஒட்டப்பட்ட இடம் என்றே கருதுகிறேன்.

சோதனையின் அளவுகளே இந்த ஐயத்தைக் கிளப்புகின்றன. ஐஎஸ்ஓ 4210 தரநிலை பந்தய, மலை மிதிவண்டிக் கிராங்குகளுக்கு 1,800 நியூட்டன் விசையை 50,000 முறை செலுத்தச் சொல்கிறது. அது ஏறக்குறைய 183 கிலோ எடை, கடுமையான சோதனைதான். ஆனால் நொடிக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்ரீநகரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியே குமரி முனைக்கு மிதித்து வருபவர், ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் என்று கொண்டால், ஆறு லட்சம் சுற்றுகளுக்கு மேல் மிதிக்கிறார். ஒவ்வொரு மிதியின் விசையும் சோதனை விசையைவிடக் குறைவு. காலமோ பல வாரம். அந்த வண்டி இந்தக் கரையிலேயே தங்கிவிட்டால் பல பருவமழைகள். உப்பு வேலை செய்ய வேண்டிய அந்தக் காலம் சோதனையில் இல்லவே இல்லை.

ஒட்டிய இடமே ஆயுளை முடிவுசெய்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள முக்கியமான சான்று, 2023 செப்டம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஷிமானோ கிராங்குகளைத் திரும்பப்பெறும் அறிவிப்பு. 2019 ஜூன் வரை தயாரான 11-வேக அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகள், அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. பிரிந்துபோன சம்பவங்கள் 4,519, காயங்கள் ஆறு. இதைப் பலர் அலாய் தோற்றதற்கான ஆவணமாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு பிழை. அறிவிப்பு சொல்வது, ஒட்டப்பட்ட பாகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன என்பதே. உள்ளீடற்ற இரு அலுமினியப் பாதிகளைப் பசையால் இணைத்துச் செய்த கைகள் அவை. அதே நிறுவனத்தின் விலை குறைந்த 105 வரிசையின் கைகளும் அலுமினியம்தான். அவை ஒட்டப்படுவதில்லை, பட்டியலிலும் இல்லை. உலோகம்தான் குற்றவாளி என்றால் இந்த விலக்குக்கு விளக்கம் ஏது?

பசை ஏன் விட்டது என்பதை அறிவிப்பு விளக்கவில்லை. எந்தக் காலநிலையில் எத்தனை பிரிந்தன என்ற பகுப்பும் அதில் இல்லை. ஆகவே ஈரமும் உப்பும் ஒட்டுவாயில் புகுந்து அலுமினியப் பரப்பை அரித்திருக்கும் என்பது என் ஊகம், பலமான ஊகம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பார்வையிட்டு, பிரியும் அறிகுறி தெரிந்தவற்றையே மாற்றித் தந்தார்கள். உள்ளிருந்து தொடங்கும் அரிப்புக்கு ஒருமுறைப் பார்வை போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வாசிப்பு சரியென்றால் கார்பனும் தப்பாது. கார்பன் கை முழுக்கக் கார்பன் அல்ல. பெடல் மரை ஏறும் இடத்திலும், பல வடிவமைப்புகளில் அச்சைப் பற்றும் இடத்திலும் உலோகச் செருகல் உண்டு, பெரும்பாலும் அலுமினியம். கார்பன் மின்வேதியியலில் உயர்குடி, அலுமினியம் எளிதில் கரைவது. இடையே உப்பீரம் புகுந்தால் அது ஒரு மின்கலம். பரந்த கார்பன் பரப்பின் நடுவே சிறு செருகல் இருப்பதால் அரிப்பு அந்தச் சிறு இடத்திலேயே குவிகிறது. இழை அப்படியே இருக்கும். செருகல் ஆடத் தொடங்கும். இடையில் கண்ணாடி இழை அடுக்கு வைப்பது இதைத் தடுக்கத்தான் என்பார்கள். அடுக்கு முழுமையாக உள்ளவரை சரி.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில், குமரி மாவட்டத்தில் கார்பன் வண்டிகள் எத்தனை ஓடுகின்றன என்ற கேள்வி இங்கே பொருட்டல்ல. கடற்கரை இல்லாவிட்டாலும் வியர்வையும் உப்புதானே என்ற வாதமும், உப்பையே காரணமாகச் சொல்வதால், என் பக்கமே பேசுகிறது. ஒரே துண்டாக அடித்துச் செய்த அலாய் கையும் உப்பில் குழிவிழும், குழியிலிருந்து விரிசல் தொடங்கும் என்பது மட்டுமே உண்மையான மறுப்பு. ஏற்கிறேன். ஆனால் அந்தக் குழி வெளியே தெரியும். மீன்பெட்டி சுமக்கும் சாதாரண சைக்கிளின் இரும்புக் கிராங்கும் அப்படித்தான்: துரு கண்ணெதிரே பிடிக்கிறது, காட்டர் பின் தளர்ந்தால் காலுக்கே தெரிகிறது, கடையில் அடித்து மாற்றிவிடலாம்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்து நெடுநாள் ஆய்ந்திருக்கிறது. அவ்வகை ஆய்வில் உப்பு உண்டு, மிதிக்கும் சுமை இல்லை. தரநிலைச் சோதனையில் சுமை உண்டு, உப்பு இல்லை. ஒட்டிய அலாய், ஒரே துண்டு அலாய், செருகல் உள்ள கார்பன் ஆகிய மூன்றையும் முட்டம் கரையில் இரண்டு பருவமழைகள் கிடத்திவிட்டு, பிறகு அதே 1,800 நியூட்டனில் ஏற்ற வேண்டும். ஒட்டிய அலாயும் செருகல் உள்ள கார்பனும் ஒரே துண்டுக்கு இணையாகத் தாங்கினால் மேற்கண்ட வாதம் விழுந்துவிடும்.