காப்பி லென்ஸ் என்று ஒதுக்கிவிடலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

பழைய மாணவி ஒருத்தி கேள்வி அனுப்பியிருந்தாள். பிலாய் உருக்காலையில் வேலை பார்த்த அவள் தாத்தாவின் ஸோர்க்கி-4 கேமரா இப்போது அவள் கைக்கு வந்திருக்கிறது. ஃபிலிம் போட்டு எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அதற்குக் கையடக்கமாக ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வேண்டுமாம். "ஜூப்பிட்டர்-12 வாங்கலாமா சார்? ஜெர்மன் லென்ஸைப் பார்த்துச் செய்த காப்பி என்று சொல்கிறார்களே?" என்று கேட்டிருந்தாள்.

எந்த லென்ஸ் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 'காப்பி' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு வரலாற்று வாத்தியார் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது.

முதலில் அடிப்படை. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கும். 35 மி.மீ. லென்ஸ் 63 டிகிரி, 28 மி.மீ. 75 டிகிரி. அகலம் கூடக்கூட லென்ஸ் ஃபிலிமை நெருங்க வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் நடுவே கண்ணாடி மேலும் கீழும் ஆடுவதால் அப்படி நெருங்க முடியாது. அதற்காகவே 1950-இல் பிரான்சின் ஆஞ்செனியூ, லென்ஸைத் தள்ளி வைக்கும் 'ரெட்ரோஃபோகஸ்' முறையைக் கொண்டுவந்தார். லென்ஸும் பெருத்துப்போனது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால்தான் அதன் வைட் லென்ஸ்கள் சட்டைப்பையில் போடும் அளவுக்குச் சிறியவை.

1930-இல் லைக்கா கேமராவுக்கு லென்ஸைக் கழற்றி மாட்டும் திருகு வசதி வந்தது. கூடவே 35 மி.மீ. எல்மார் வந்தது, துளை எஃப்/3.5. போட்டிக்கு 1932-இல் ட்ரெஸ்டனின் ஸைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸை இறக்கியது. அதற்கு லென்ஸ் கணக்குப் போட்டவர் லுட்விக் பெர்டெலெ, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத மேதை. 1930-களின் நடுவில் அவர் வடிவமைத்த 35 மி.மீ. பயோகான் எஃப்/2.8 துளையோடு வந்தது. எல்மாரைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. அதன் பின்பக்கக் கண்ணாடி கேமராவுக்குள் ஆழமாகப் புகுந்து ஃபிலிமை நெருங்கி நிற்கும். இந்தப் பின்பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் உக்ரைனின் கார்கிவ் நகரில் வேறொரு கதை. உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் அநாதையாகித் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக அங்கே ஒரு கம்யூன் இருந்தது. அதை நடத்தியவர் ஆன்டன் மகரென்கோ. ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பிள்ளைகள் பாதி நேரம் படித்தார்கள், பாதி நேரம் பட்டறையில் வேலை செய்தார்கள். முதலில் மின்சாரத் துளைக் கருவி செய்தார்கள். பிறகு லைக்காவைப் பிரித்துப் பார்த்து 1932-இல் மாதிரிக் கேமராக்கள் செய்தார்கள். 1934-இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. கேமராவின் பெயர் ஃபெட். ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. கம்யூனை நடத்தியதும் அந்தத் துறைதான். தெருப் பிள்ளைகளுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் வேலை செய்யக் கற்றுக்கொடுத்ததும், ஊரே அஞ்சிய ஒரு துறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் வரலாறு.

1941-இல் ஜெர்மனி படையெடுத்தது. கார்கிவ் பலமுறை கைமாறிச் சிதைந்தது. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. போர் முடிந்ததும் நஷ்டஈடாகக் கான்டாக்ஸின் இயந்திரங்களும் உதிரிகளும் கீவ் நகரின் அர்செனல் ஆலைக்குப் போயின. 1947 முதல் அவை 'கீவ்' கேமராக்களாக வந்தன. 1946 அக்டோபரில் ஜெர்மன் நிபுணர்கள் பலரை விடியற்காலையில் வீட்டுக் கதவைத் தட்டிக் குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். ஸைஸ் ஆட்களும் அதில் உண்டு. அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்கர்களும் யெனாவிலிருந்து ஸைஸின் முக்கிய ஆட்களை மேற்கே கொண்டுபோயிருந்தார்கள். ஆக, இரு தரப்பும் எடுத்துக்கொண்டது.

பயோகானின் சோவியத் வாரிசுதான் ஜூப்பிட்டர்-12. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். தொடக்கத்தில் ஜெர்மன் கண்ணாடியில் செய்தார்கள். பிறகு உள்நாட்டுக் கண்ணாடிக்கு மாற வேண்டியிருந்தது. கண்ணாடி மாறினால் ஒளி வளையும் அளவு மாறும். வளைவுகளையெல்லாம் புதிதாகக் கணக்கிட வேண்டும். பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து விடையை எழுதுவது வேறு, எண்கள் மாறியபின் அதே முறையில் கணக்கைப் புதிதாகப் போடுவது வேறு. என் வகுப்பில் இரண்டாவதற்கு மார்க் உண்டு.

இன்னொரு வேடிக்கை. 1950-இல் மேற்கு ஜெர்மனியில் வந்த புதிய கான்டாக்ஸ் உடம்பு சிறியது. பழைய பயோகானின் அந்தப் பின்பக்கம் அதற்குள் நுழையவில்லை. ஸைஸ் வேறு வடிவம் செய்ய வேண்டியதாயிற்று. பெர்டெலெயின் பழைய வடிவம் 1980-கள் வரை தொடர்ந்தது சோவியத் ஆலைகளில்தான். பெற்ற வீட்டில் இடமில்லாத பிள்ளை, எடுத்துப்போன வீட்டில் வளர்ந்தது.

இனி அந்த இரண்டு வரி. ஸோர்க்கி-4-க்கு ஜூப்பிட்டர்-12 தாராளமாக வாங்கலாம். இன்னும் அகலமும் மெல்லிய உடம்பும் வேண்டுமென்றால் 28 மி.மீ. ஓரியன்-15 உண்டு. ஆனால் அதன் துளை எஃப்/6 மட்டுமே. வெயிலுக்கு சரி, வீட்டுக்குள் கஷ்டம். போருக்கு முந்தைய எல்மார் மிகச் சிறியது, ஆனால் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்காது. எதிர்வெயிலில் படம் வெளிறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். துருத்திய பின்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, ஆழமான பின்மூடி இருக்கிறதா என்று கேள். கான்டாக்ஸ்-கீவ் மாட்டியும் உண்டு, உனக்கு வேண்டியது 39 மி.மீ. திருகு. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த ஆண்டு. கேமராவின் சாளரம் 50 மி.மீ. காட்சியைத்தான் காட்டும், ஆகவே மேலே செருகும் 35 மி.மீ. வ்யூஃபைண்டரும் வாங்கு. துளையை எஃப்/8-இல் வைத்து 5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து தொலைதூரம் வரை தெளிவாக விழும்.

கார்கிவும் கீவும் 2022 முதல் மறுபடி குண்டுகளுக்கு நடுவில் இருக்கின்றன. இந்தக் கேமராக்களின் கதை தொடங்கிய ஊர்கள் அவை. காப்பியா என்று யாராவது கேட்டால், யாருடைய கைகள் வழியாக வந்தது என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் ரோல் கழுவியதும் எனக்கு அனுப்பம்மா. மற்றவர்கள் வீட்டுப் பரணில் பழைய கேமரா இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.