பூவிருந்தவல்லி: மாநகருக்கு மூத்த ஊர்

தொண்டை நாட்டின் தொன்மை வாய்ந்த ஊர்களுள் ஒன்று பூவிருந்தவல்லி. சென்னையின் மேற்குப் புறநகராக இன்று எண்ணப்படும் இவ்வூர், அம்மாநகரினும் மூத்தது. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரை நிலம் வழங்கப்பெற்றபோது, வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்லா வேங்கடப்ப நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் இவ்வூரில் தங்கியே கடற்கரைப் பகுதியைக் கண்காணித்து வந்தார். அன்று ஆள்வோர் இருந்த ஊர் இது. ஆளப்பட்ட மணற்பரப்பே பின்னர் மாநகரமாயிற்று.

காண வருவோர் முதலில் நாடுவது வரதராசப் பெருமாள் கோயில். தாயார் திருப்பெயர் புட்பவல்லி. வணிகர் குலத்துத் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊரும் இதுவே. இங்கே நந்தவனம் வளர்த்து, அம்மலர்களைக் காஞ்சி வரதருக்குச் சூட்டி, ஆலவட்டத் தொண்டும் புரிந்தார் அவர் என்பது மரபு. அந்தணரான இராமாநுசர் அவரையே ஆசிரியராகக் கொள்ள விழைந்தார்; அவர் உண்ட மிச்சிலை உண்ணவும் விரும்பினார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். பிறப்பினும் தொண்டே பெரிதென்ற உண்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோல்கொண்டா ஆட்சியில் 1653இல் எழுந்த பள்ளிவாசலும் இவ்வூரில் உண்டு. பின்னாளில் ஆங்கிலேயர், தம் தோட்ட மாளிகைகள் சூழ்ந்த சென்னைப் பெருஞ்சாலைக்கு இவ்வூர்ப் பெயரையே இட்டனர். அச்சாலையின் நகரப் பகுதி இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை.

சாலை பெயர் மாறிற்று. ஊர்ப்பெயரோ மக்கள் நாவில் பூந்தமல்லியாகவும் ஆங்கிலேயர் நாவில் பூனமல்லியாகவும் தேய்ந்தது. வயலும் தோட்டமும் குடியிருப்புகளாகிவிட்ட இந்நாளில், பூவிருந்ததற்குச் சான்றாக நிற்பது பெயர் ஒன்றே. அதனை முழுமையாக எழுதுதல் தமிழறிந்தார் கடன்.