செரீனா வில்லியம்ஸ்: மனவலிமையை எதைக்கொண்டு அளப்பது?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறும் டென்னிஸ் போட்டி, அவ்விளையாட்டின் பெரும் போட்டிகளுள் ஒன்றல்ல. அதே மாதத்தில் மெல்பர்னில் தொடங்கும் ஆஸ்திரேலிய ஓப்பனுக்குத் தம்மைத் தயார்படுத்திக்கொள்ள வீரர்களும் வீராங்கனைகளும் வந்து செல்லும் இடம் அது.

ஆயினும், அண்மைக்கால டென்னிஸின் மிக நீண்ட விவாதம் ஒன்றில் இச்சிறிய போட்டிக்குத் தனியிடம் உண்டு. செரீனா வில்லியம்ஸ் அவ்விளையாட்டு கண்ட வீராங்கனைகளுள் மனவலிமை மிக்கவரா, அல்லது தமது கடைசிக் காலத்தில் இறுதியாட்டங்களின் அழுத்தத்தைத் தாங்க இயலாமல் தளர்ந்துபோனவரா என்பதே அந்த விவாதம். 2022இல் அவர் களத்திலிருந்து விலகிய பின்னரும் ரசிகர்கள் இதில் இரு அணிகளாகவே நிற்கின்றனர்.

இரு தரப்பினரும் சான்றுகளுடனேயே பேசுகின்றனர். ஆனால், "மனவலிமை" என்ற ஒரே சொல்லால் இரு தரப்பும் ஒரே பண்பைத்தான் குறிப்பிடுகின்றனவா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இரண்டு ஜனவரிகள்

2017 ஜனவரியில் செரீனா ஆக்லாந்து வந்தபோது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தார். 2016 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் தோற்ற பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஆடியிருக்கவில்லை. முதற்சுற்றில் வென்ற அவர், இரண்டாம் சுற்றில், தரவரிசையில் 72ஆம் இடத்தில் இருந்த சக அமெரிக்கரான மேடிசன் பிரெங்கிலிடம் மூன்று செட்களில் தோற்றார்.

அன்று பலத்த காற்று வீசியது. எதிராளியின் நெருக்குதல் ஏதுமின்றித் தாமாகவே 88 தவறுகளை இழைத்ததாகச் செரீனா பின்னர் கூறினார். ஆடுவதற்கு உகந்த சூழல் அங்கு இருக்கவில்லை என்றும் அவர் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். 35 வயதில் அவரது காலம் முடிவுக்கு வருகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

அந்தத் தோல்விக்கு 24 நாட்களின் பின்னர், ஜனவரி 28ஆம் தேதி, மெல்பர்னில் தமது மூத்த சகோதரி வீனஸை 6-4, 6-4 என்று வென்று செரீனா ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டத்தைக் கைப்பற்றினார். போட்டி முழுவதிலும் அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. அது அவரது 23ஆவது கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம். ஸ்டெஃபி கிராஃபின் 22 பட்டங்களை அதன்மூலம் அவர் கடந்தார். அப்போது அவர் ஏறத்தாழ எட்டு வாரக் கர்ப்பிணி என்பது பின்னரே உலகுக்குத் தெரியவந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரி 12 அன்று, அதே ஆக்லாந்து அரங்கில் ஜெசிகா பெகுலாவை 6-3, 6-4 என்று வென்று செரீனா கோப்பையைப் பெற்றார். தாயான பின்னர் அவர் வென்ற முதல் ஒற்றையர் பட்டம் அது. பரிசுத்தொகையான 43,000 அமெரிக்க டாலர்களை ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்கு அவர் வழங்கினார். மகள் ஒலிம்பியாவைக் கையில் ஏந்தியபடி கோப்பையுடன் அவர் நின்ற காட்சி பலரது நினைவில் இருக்கும்.

நீண்ட வறட்சி நீங்கிவிட்டது, இனி 24ஆவது பெரும் பட்டமும் வரும் என்று ஆதரவாளர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் 12 நாட்களில், ஆஸ்திரேலிய ஓப்பனின் மூன்றாம் சுற்றிலேயே சீனாவின் வாங் சியாங்கிடம் செரீனா தோற்றார். 2022இல் விலகும் வரை ஆக்லாந்துப் பட்டமே அவரது கடைசி ஒற்றையர் பட்டமாக இருந்தது.

ஆக, ஆக்லாந்தில் அடைந்த மோசமான தோல்வியைத் தொடர்ந்து அவரது கடைசிப் பெரும் வெற்றி வந்தது. ஆக்லாந்தில் பெற்ற மகிழ்ச்சியான வெற்றியைத் தொடர்ந்து எதுவும் வரவில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு ஒருவரது உள்ளத்தின் நிலையைக் கணிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இவ்விரு ஜனவரிகளே போதிய சான்று எனலாம்.

விமர்சகர்களின் வாதம்

எனினும், செரீனாவின் மனவலிமையைச் சந்தேகிப்பவர்களின் வாதம் ஓர் ஆட்டத்தை மட்டும் சார்ந்ததல்ல. தாயான பிறகு அவர் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களில் ஆடினார். 2018 விம்பிள்டனில் ஏஞ்சலிக் கெர்பரிடமும், அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நவோமி ஒசாகாவிடமும், 2019 விம்பிள்டனில் சிமோனா ஹாலெப்பிடமும், 2019 அமெரிக்க ஓப்பனில் பியான்கா ஆண்ட்ரீஸ்குவிடமும் தோற்றார். நான்கிலும் ஒரு செட்டைக்கூட அவரால் வெல்ல இயலவில்லை.

ஹாலெப்புடனான ஆட்டம் 56 நிமிடங்களில் 6-2, 6-2 என்று முடிந்தது. தாமாக இழைத்த தவறுகள் செரீனாவின் கணக்கில் 26, ஹாலெப்பின் கணக்கில் 3 மட்டுமே. ஒசாகாவுடனான ஆட்டத்தில் நடுவர் கார்லோஸ் ராமோசுடன் ஏற்பட்ட சர்ச்சையால் முதலில் எச்சரிக்கை, பின்னர் ஒரு புள்ளி, இறுதியில் ஒரு முழு கேம் என்று செரீனா தண்டிக்கப்பட்டார்.

2019 ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதியையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. கரோலினா பிளிஸ்கோவாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் கடைசி செட்டில் 5-1 என்று முன்னிலையில் இருந்த செரீனா, வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவை என்ற நிலையை நான்கு முறை எட்டியும் தோற்றார். அவற்றுள் முதல் புள்ளியின்போது அவரது கணுக்கால் பிசகியது என்பதை ஆதரவாளர்கள் நினைவூட்டுவர்.

இத்தோல்விகள் உறுத்துவதற்குக் காரணம், அதற்கு முந்தைய செரீனாவின் வரலாறே. 2003 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியின் கடைசி செட்டில் கிம் கிளைஸ்டர்ஸிடம் 1-5 என்று பின்தங்கி, தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு, பட்டத்தையும் வென்றவர் அவர். 2005இல் அதே மெல்பர்னில் மரியா ஷரபோவாவிடமும், 2009 விம்பிள்டனில் எலெனா டெமென்டியேவாவிடமும் அவ்வாறே தப்பி, அவ்விரு போட்டிகளிலும் பட்டம் பெற்றார். தாயாவதற்கு முன்னர் ஆடிய 29 கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களில் 23இல் அவரே வெற்றியாளர். அத்தகையவர் அடுத்த நான்கிலும் தோற்றால், உள்ளே ஏதோ மாறிவிட்டது என்று ரசிகர்கள் கருதுவது வியப்பல்ல.

ஆதரவாளர்களின் பதில்

மறுதரப்பினர் அதே நான்கு இறுதியாட்டங்களை வேறு கோணத்தில் காண்கின்றனர். 2017 செப்டம்பரில் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற செரீனாவுக்கு நுரையீரலில் இரத்தம் உறைந்து, உயிராபத்து நேர்ந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவர் படுக்கையில் இருந்தார். பத்து மாதங்களின் பின்னர் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நின்றார். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில், 36, 37 வயதில், அவர் ஆடிய ஏழு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் நான்கில் இறுதியாட்டத்தை எட்டினார். மனவலிமை குன்றியவருக்கு இது எவ்வாறு இயலும் என்பது அவர்களது கேள்வி.

வெளியில் தெரியாத சுமைகளும் இருந்தன. 2018 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஜொஹானா கோன்டாவிடம் 6-1, 6-0 என்று செரீனா தோற்றபோது, அவரது வாழ்வின் மிக மோசமான தோல்வி என்று அது வர்ணிக்கப்பட்டது. 2003இல் சுட்டுக்கொல்லப்பட்ட தமது சகோதரி யெடுண்டே பிரைஸின் கொலையாளி சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட செய்தியை, ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் பத்து நிமிடங்கள் முன்னர்தான் அறிந்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். அன்று அரங்கில் இருந்த எவரும் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சொல் ஒன்று, பண்பு இரண்டு

இந்த இரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அவை இரு வேறு பண்புகளைப் பற்றிப் பேசுகின்றன. வீழ்ந்த இடத்திலிருந்து எழுந்து மீண்டும் வந்து நிற்கும் திறன் ஒன்று. கைக்கு எட்டிய வெற்றியை நடுங்காமல் முடித்துவைக்கும் திறன் மற்றொன்று. முதலாவது செரீனாவிடம் இறுதிவரை குன்றவில்லை. இரண்டாவது, குறிப்பாக 24ஆவது பட்டம் கண்ணெதிரே நின்ற ஆட்டங்களில், தளர்ந்தது.

இதைச் செரீனாவே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 2022 ஆகஸ்டில் வோக் சஞ்சிகையில், தாம் விலகவிருப்பதை அறிவித்து எழுதிய கட்டுரையில், அந்தச் சாதனையைத் தாம் விரும்பியது உண்மை என்றும், இறுதியாட்டங்களில் அதைப் பற்றி அளவுக்கு அதிகமாக எண்ணியிருக்கலாம் என்றும், அது உதவவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

அவ்வாறெனில் அவரை அழுத்தியது எதிராளி மட்டுமல்ல, ஓர் எண்ணும்தான். அந்த எண்ணும் ஆராயப்பட வேண்டியதே. ஆஸ்திரேலியாவின் மார்கரெட் கோர்ட் வென்ற 24 ஒற்றையர் பட்டங்களில் 13, தொழில்முறை ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்படாத காலத்தில், அதாவது 1968இல் ஓப்பன் யுகம் தொடங்குவதற்கு முன்னர், கிடைத்தவை. 24இல் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். அந்நாட்களில் நெடும்பயணம் காரணமாக வெளிநாட்டு முன்னணி வீராங்கனைகள் பலர் அங்கு சென்றதில்லை.

இதைச் சொல்வது கோர்ட்டின் சாதனையைக் குறைப்பதற்காக அல்ல. 1972இல் முதல் குழந்தை பெற்று, 1973இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவர் அவர். தாயான பிறகும் வெல்ல முடியும் என்பதைச் செரீனாவுக்கு நெடுங்காலம் முன்னரே காட்டியவர் கோர்ட் என்பது இவ்விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு விதிகளின்கீழ் ஈட்டப்பட்ட 23ஐயும் 24ஐயும் ஒரே தராசில் நிறுத்துவதில்தான் சிக்கல் இருக்கிறது.

சென்னைக்கும் பழக்கமான கேள்வி

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. ஆக்லாந்தில் 1977இல் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்ற சென்னையின் விஜய் அமிர்தராஜைப் பற்றியும் இதே கேள்வி எழுப்பப்பட்டது.

1979 விம்பிள்டனில் பியோன் போர்க்கிற்கு எதிராக இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்றும், 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரு செட்களையும் வென்றும், அமிர்தராஜ் இறுதியில் தோற்றார். திறமை உண்டு, முடித்துவைக்கும் உறுதி இல்லை என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்பட்ட தீர்ப்பு. ஆனால் 1973 அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரையும், அடுத்த ஆண்டு அதே போட்டியில் போர்க்கையும் வீழ்த்தியவரும் அவரே. 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, வென்ற பட்டங்களை மட்டும் எண்ணவில்லை. டென்னிஸ் வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய பங்களிப்பையே முதன்மையாகக் கருதியது.

எஞ்சி நிற்பது எது?

செரீனாவின் பங்களிப்பையும் அவ்வாறே நோக்க இடமுண்டு. 2018இல் அவர் களம் திரும்பியபோது, முதலாம் இடத்தில் இருந்தவரின் தரவரிசை வெகுவாகச் சரிந்திருந்தது. அவ்வாண்டு பிரெஞ்சு ஓப்பனில் முன்னணி வீராங்கனைகளுக்குரிய வரிசையில் அவருக்கு இடம் அளிக்கப்படவில்லை. மகப்பேறு ஒரு காயம் போலக் கருதப்பட வேண்டுமா என்ற விவாதம் அதனால் எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மகளிர் டென்னிஸ் சங்கம் தாய்மார்களின் தரவரிசையைப் பாதுகாக்கும் விதிகளை விரிவுபடுத்தியது. 2025 மார்ச்சில் ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பும் அறிவிக்கப்பட்டது.

2025 ஜனவரியில் ஆக்லாந்து இறுதியாட்டத்துக்கு வந்தவர், 2018இல் செரீனாவை வென்ற அதே நவோமி ஒசாகா. 2023இல் தாயான அவருக்கு, அதன் பின்னர் கிடைத்த முதல் இறுதியாட்டம் அது. டென்மார்க்கின் கிளாரா டவுசனுக்கு எதிராக முதல் செட்டை 6-4 என்று வென்ற ஒசாகா, காயம் காரணமாகக் கண்ணீருடன் ஆட்டத்திலிருந்து விலகினார். 2021இல் தமது மனநலத்தைக் காரணம்காட்டி பிரெஞ்சு ஓப்பனிலிருந்து வெளியேறியபோது பலவீனமானவர் என்று சிலரால் விமர்சிக்கப்பட்டவர் அவர். அன்று ஆக்லாந்தில் அவர் விலகியதை எவரும் பலவீனம் என்று கூறியதாகத் தெரியவில்லை. உடலின் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளத்தின் சுமை தெரிவதில்லை.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி நியூயார்க்கில், அய்லா டோம்லியானோவிச்சுக்கு எதிராகச் செரீனா ஆடிய ஆட்டமும் தோல்வியில்தான் முடிந்தது. கடைசி செட்டில் 1-5 என்று பின்தங்கிய நிலையில், தோல்வியைத் தரக்கூடிய ஐந்து புள்ளிகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். ஆறாவதில்தான் ஆட்டம் முடிந்தது. வெற்றிகளை மட்டும் எண்ணும் அட்டவணையில் அந்த ஐந்து புள்ளிகளுக்கு இடமில்லை. அவரது மனவலிமையைப் பற்றி விவாதிப்பவர்கள் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நியாயமாக இருக்கும்.